யாருக்குச் சொந்தம் இந்நகரம்?

நாம் நேசிக்கும் ஒன்றைக் காப்பதற்கு எந்த வழியையும் கையாளலாமா? காக்கப் புறப்பட்டவனே கொடியவனாக மாறிவிட்டால், காக்கப்பட்டதற்கு என்ன பொருள்? பழமையான இந்த அறவியல் கேள்வியை, இரண்டு தெருச் சிறுவர்களின் கதை வழியே நம்முன் வைக்கிறது ஒரு ஜப்பானிய அனிமேஷன் திரைப்படம். 'கார்ட்டூன்' என்றதும் குழந்தைகளுக்குரியது என்று ஒதுக்கிவிடும் நாம், இதனைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

தைய்யோ மாட்சுமோட்டோ 1993, 94ஆம் ஆண்டுகளில் வரைந்த சித்திரத் தொடர்கதை இது. அமெரிக்கரான மைக்கேல் ஏரியாஸ் 2006இல் இதனைத் திரைப்படமாக்கினார். 'டெக்கோன்கின்கிரீட்' என்பது படத்தின் பெயர். கம்பி கட்டிய கான்கிரீட்டைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லை, மழலை வாய் சிதைத்துச் சொன்ன வடிவம் அது. வன்மையான கட்டடமும் மென்மையான மழலையும் அப்பெயரிலேயே மோதிக்கொள்கின்றன.

'புதையல் நகர்' என்று பொருள்படும் பெயருடைய பழைய நகரில், குரோவும் ஷிரோவும் பெற்றோரற்று வாழ்கின்றனர். கறுப்பு, வெள்ளை என்பவை அப்பெயர்களின் பொருள். மூத்தவனான குரோ, "இது என் நகரம்" என்று முழங்கி, அந்நியக் கும்பல்களை அடித்து விரட்டுகிறான். ஷிரோவோ தானாக உடுத்தக்கூடத் தடுமாறும் வெள்ளை உள்ளம்.

அந்நகரை இடித்துச் சிறுவர்களுக்கான கேளிக்கைப் பூங்கா எழுப்ப வருகிறான் ஒருவன். அதற்குத் தடையாக நிற்கும் அந்த இரு சிறுவர்களையும் கொல்ல ஆட்களை ஏவுகிறான். குழந்தைகளின் பெயரால் எழும் மாளிகைக்குக் குழந்தைகளே பலி! இது வெறும் கற்பனையன்று. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் நிலவிலை தாறுமாறாக உயர்ந்தபோது, பழைய குடியிருப்போரை மிரட்டி வெளியேற்ற யாகுசா கும்பல்கள் பயன்படுத்தப்பட்டதுண்டு. வளர்ச்சி என்னும் சொல் எவரை வெளியே தள்ளுகிறது என்று கேட்க நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஆயினும் படம் தீமையைப் பகைவனிடம் மட்டும் காட்டி நின்றுவிடவில்லை. கத்திக்குத்துப்பட்ட ஷிரோவைக் காவல்துறையினர் தம் பாதுகாப்பில் வைத்துக்கொள்கின்றனர். செயல் சரியானதே. ஆனால் தம்பியைப் பிரிந்த குரோ சிதைகிறான். அவனுடைய வன்முறையே 'மினோட்டார்' என்னும் இருளுருவாய் எழுந்து அவனை அழைக்கிறது. நகரைக் காத்த கரங்கள் எதையும் காக்காமல் அடிப்பதற்காகவே அடிக்கின்றன. உரிமையுணர்வு அன்பின் வேடம் பூண்டு நம்மிடமும் இவ்வாறு நுழைவதில்லையா? 'என் ஊர்', 'என் மக்கள்' என்று தொடங்கிய எத்தனை நேசங்கள் பகையாக முடிந்தன!

இங்கேதான் ஷிரோவின் சொல் நம்மைத் தொடுகிறது. கடவுள் படைத்தபோது தன்னிடமும் சில திருகாணிகள் குறைந்துவிட்டன, குரோவின் இதயத்திலும் குறைந்துவிட்டன, ஆனால் அவனுக்கு வேண்டியவை எல்லாம் தன்னிடம் இருக்கின்றன என்கிறான் அச்சிறுவன். வலியவன் எளியவனைத் தாங்குகிறான் என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் எளியவனே வலியவனை மனிதனாக வைத்திருந்தான். எளியோரைப் பேணுவது நாம் அவர்களுக்குச் செய்யும் உதவி என்று கருதும் நமக்கு, இது ஒரு திருத்தம். அவர்கள் இன்றி நமது வலிமைக்குக் கடிவாளமே இல்லை.

முடிவில் குரோ அந்த இருளை மறுத்து ஷிரோவிடம் திரும்புகிறான். இருவரும் கடற்கரையில் விளையாடுகின்றனர். பழைய நகரம் அவன் விரும்பியபடி மீட்கப்படவில்லை. ஆனால் ஒரு சிறுவன் மீட்கப்பட்டான். நகரத்தைக் காப்பது என்பது அதன் சுவர்களைக் காப்பதா, அதன் தெருவில் உறங்கும் பிள்ளையைக் காப்பதா? இக்கேள்விக்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே, நம் நகரங்கள் யாருக்குச் சொந்தம் என்பதும் அமையும்.