யாருடைய காலம்?

அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம். அங்கே மீட்டிங் தெருவில் இருக்கும் நத்தானியல் ரஸ்ஸல் மாளிகைக்கு நானும் நண்பனும் போயிருந்தோம். 1808-ல் கட்டி முடிக்கப்பட்ட வீடு. விடுதலைக்குப் பின் அந்த நாட்டில் பரவிய ஃபெடரல் பாணிக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அளவெடுத்த செங்கல் முகப்பு, நீள்வட்ட அறைகள், மெல்லிய சுதை வேலைப்பாடு.

சும்மா சொல்லக்கூடாது, படிக்கட்டைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். தாங்க ஒரு தூண்கூட இல்லாமல் மூன்று தளங்களுக்கும் சுழன்று ஏறுகிறது. போனை எடுத்துப் படமாகச் சுட்டுத் தள்ளினேன்.

பிறகு வழிகாட்டி எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சமையற்கட்டும் அடிமைகள் தங்கிய அறைகளும் அங்கேதான். ரஸ்ஸல் வணிகர், அவர் விற்ற சரக்குகளில் மனிதர்களும் உண்டு.

“பாவம்தான்டா. ஆனா அந்தக் காலத்துல அது சாதாரணம். இன்னைக்கு நியாயத்தை வச்சு 1808-ஐ அளக்கக் கூடாது” என்றான் நண்பன்.

அவன் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். அப்படியானால் படிக்கட்டை எந்த உறுத்தலும் இல்லாமல் ரசிக்கலாம், இல்லையா?

ஆனால் 1822-ல் இதே நகரத்தில் டென்மார்க் வீசியின் தலைமையில் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் டாம். கொல்லர். ரஸ்ஸல் குடும்பத்தின் அடிமை.

டாமும் அந்தக் காலத்து ஆள்தானே? அடிமைத்தனம் சாதாரணம் என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்? ‘அந்தக் காலம்’ என்று சொல்லும்போது, முன்கட்டில் தூங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பின்கட்டில் இருந்தவர்களை விட்டுவிடுகிறோம். தவறென்று அறிந்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அவர்களுடைய சொல்லுக்குத்தான் மதிப்பில்லை.

இதைச் சொன்னதும் நண்பன் என் கையைக் காட்டினான். “அந்த போன் பேட்டரிக்குள்ள இருக்கிற கோபால்ட்டு? காங்கோ சுரங்கத்துல சின்னப் பசங்க தோண்டுறாங்கன்னு படிச்சிருக்கல்ல? நூறு வருஷம் கழிச்சு உன்னை என்ன சொல்வாங்க?”

பதில் வரவில்லை. என்னை மடக்கத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி அவனுடைய வாதத்தையே உடைத்துவிட்டது. ஏனென்றால் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ‘அந்தக் காலத்துல யாருக்கும் தப்பாத் தெரியலை’ என்று நாளை யாராவது எங்களுக்காகப் பரிந்து பேசினால் அது பொய்.

வெளியே வரும் வழியில் மறுபடி படிக்கட்டைப் பார்த்தேன். இப்போதும் அழகாகத்தான் இருந்தது. அழகில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தாங்க ஆளே இல்லாமல் நிற்கிறது என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

எடுத்த படங்களை நான் அழிக்கவில்லை. போனையும் தூக்கிப் போடவில்லை. ஆனால் ‘எல்லாரும் செய்றதுதானே’ என்று வாய் வரை வரும்போதெல்லாம், அந்த ‘எல்லாரும்’ என்பதில் யாரை விட்டுவிட்டேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.