காலிடம் கேட்காதவர்கள்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானிப்பார்கள். இருட்டில் முதுகுப்பையில் ஒட்டிய ஸ்டிக்கர் முதலில் மின்னும், பிறகுதான் பழனிக்குப் பாதயாத்திரை போகிற ஆள் தெரியும். காரைக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் திண்டுக்கல் வருவதற்குள் பாதிக்கு மேல் நடந்திருப்பார்கள். இன்னும் சுமார் 60 கிலோமீட்டர் இருக்கும். ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வழியெல்லாம் சத்திரங்களின் பெயர். ஊர்ப்பெயர்களே உட்காரச் சொல்கின்றன!

ஒரு வருஷம் ரெட்டியார்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் மோர்ப்பந்தலில் ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்து, நீர் வடியட்டும் என்று நூலை அப்படியே விட்டுவிட்டார். “இன்னும் இவ்வளவு தூரம் கிடக்கே, முடியுமாம்மா?” என்றேன்.

“மாலை போட்டாச்சு சாமி. இனி காலுகிட்ட எதுக்குக் கேக்கணும்?”

சரணாகதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த அம்மாவோ முருகனை நம்பினார், ஊசியையும் நூலையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். அவர் விட்டது ஒன்றே ஒன்றுதான்: முடியுமா, முடியாதா என்று அடிக்கடி தனக்குள் நடத்தும் பேரம். நம் தெம்பில் பாதியை அந்தப் பேரம்தானே தின்கிறது?

காவடிக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன், இளைப்பாற இறக்கி வைத்தான். பிறகு தூக்க முடியவில்லை. மலைமேல் கோவணாண்டிச் சிறுவனாக நின்ற முருகனோடு மல்லுக்கு நின்று உயிரை விட்டான். உயிர் திரும்பக் கிடைத்தபோது அவன் கேட்ட வரத்தைப் பாருங்கள். தோள்வலி தீரவேண்டும் என்று கேட்கவில்லை. தன்னைப்போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்றான், வாசலில் காவல் நிற்க இடம் கேட்டான். மலையைத் தூக்க முடியாமல் தோற்றவன்தான். இன்றைக்கும் பழனிப் படியேறுகிறவர்கள் பாதி வழியில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

அந்த அம்மா மோர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். எழுந்ததும் முதல் நாலைந்து அடி நொண்டல். அப்புறம் கூட்டத்தில் யாரோ “வேல் வேல்” என்றார்கள். “வெற்றி வேல்” என்ற குரல்களில் அவர் குரலும் இருந்தது.