போதும் என்று தோன்றாத பசி

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ஒருவர் பசியோடு வீடு திரும்ப முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வழிநெடுக அன்னதானப் பந்தல்கள். தொன்னையில் பொங்கல், புளியோதரை, சாம்பார் சாதம். கை நீட்டாதவரையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எங்கள் ஊருக்குப் பெருமை தரும் இந்தக் கொடைதான் என் தம்பிக்குப் பெரும் சோதனை.

அவன் ஓலான்சபின் சாப்பிடுகிறான். ஆளில்லாத அறையில் குரல் கேட்டு, ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தவனை எங்களுக்கு மீட்டுத் தந்தது அந்த மாத்திரைதான். இப்போது கடைக் கணக்கை அவனே பார்க்கிறான். கூடவே உடம்பும் ஏறிவிட்டது. விசேஷ வீடுகளில் "என்னப்பா, நல்லா சாப்பாடு போல?" என்று கேட்காத உறவினர் இல்லை. வாயைக் கட்டச் சொல்லாதவரும் இல்லை.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "வயிறு நிறைஞ்சது தெரியுதுக்கா. போதும்னு மட்டும் தோண மாட்டேங்குது."

நடப்பது அதுதான். ஹிஸ்டமினும் செரட்டோனினும் மூளையில் வேலை செய்யும் சில இடங்களை இந்த மருந்து அடைப்பதால், சாப்பிட்டது போதும் என்ற உணர்வு மங்குகிறது. தூக்கக் கலக்கத்தில் நடமாட்டமும் குறைகிறது. இந்த வகை மனநோய் மருந்துகளில், எடையேற்றத்தில் ஓலான்சபினும் குளோசபினும் முன்வரிசை, ரிஸ்பெரிடோன் நடுத்தரம், அரிப்பிபிரசோலில் பொதுவாகக் குறைவு. 2005-ல் வெளிவந்த 'கேட்டி' என்ற அமெரிக்க ஆய்வில் ஓலான்சபின் எடுத்தவர்களுக்குச் சராசரியாக மாதம் கிட்டத்தட்ட 1 கிலோ கூடியது. இதைச் சோம்பேறித்தனம், நாக்கு ருசி என்று பேசுவது அநியாயம். அந்தப் பேச்சு தாங்காமல்தான் பலர் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக்குகிறார்கள், பிறகு விட்டே விடுகிறார்கள். நோய் திரும்புகிறது. புத்தி தெளிய வேண்டுமானால் உடம்பு கெட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அவன் ஒருவனுக்கு மட்டும் பத்தியம் வைத்தால் அது தண்டனை. அதனால் வீடே மாறியது. சோற்றுப் பானை கூடத்துக்கு வருவதில்லை. அடுப்படியிலேயே தட்டில் போட்டுக் கொண்டுவருகிறோம். பாதித் தட்டு கீரையோ பொரியலோ, அளவாகச் சோறு, கூட முட்டை அல்லது சுண்டல். ஜவ்வாது மலைச் சாமையும் வாங்கிப் பொங்கினோம். சிறுதானியம் தின்றாலே இளைத்துவிடும் என்கிறார்கள். அளவில்லாமல் தின்றால் சாமையும் அரிசியைப் போலத்தான் ஏறும். வாய் வறட்சிக்குக் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது நீர்மோர். ராத்திரிப் பசிக்கு வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறேன். பௌர்ணமியில் ஒரு தொன்னைப் பிரசாதம் வாங்கிக்கொள்கிறான். அதையும் மறுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ராத்திரி போட்ட மாத்திரையின் மயக்கம் காலையிலும் தெளியாது. விடியற்காலையில் எழுப்பி நடக்கச் சொல்வது கொடுமை. சாயங்காலம் கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கத்தைத் தாண்டி நிருதி லிங்கம் நோக்கி நடக்கிறோம். முடிந்த தூரம் போய்த் திரும்புகிறோம். கிரிவலத்துக்கு வெறுங்கால்தான் வழக்கம். சர்க்கரை வந்து பாதம் மரத்தவர்கள் அப்படி நடக்கக் கூடாது.

இதற்கெல்லாம் எவ்வளவு குறையும்? தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனையும் குழு உடற்பயிற்சியும் கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013-ல் வந்தது. 18 மாத முடிவில், அந்த உதவி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். சின்ன எண்தான். ஆனால் ஏறிக்கொண்டே போன எடை நின்று இறங்கத் தொடங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். உணவும் நடையும் போதாதபோது மருத்துவர் மருந்தை மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம். அந்த முடிவு அவருடையது.

உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம் வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.