பதினோராவது பொருத்தம்

அரியலூர்ப் பக்கம் பெண் பார்க்க வந்த இடத்தில் 'உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எது?' என்று பையன் கேட்டால், பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்' என்றுதான் பதில் வரும். வராமல் எப்படி இருக்கும்? அந்தக் கதையில் வரும் பழுவேட்டரையர்களின் பழுவூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரமும் இங்கேதான். 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதையைப் பாட்டி படித்தார், அம்மா படித்தார், பெண்ணும் படித்திருக்கிறாள். ஊரே படித்த ஒரு கதையை வைத்து இரண்டு பேரின் மனசை அளந்துவிட முடியாது.

ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஜோசியர் தினம், கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம் பார்த்துவிடுகிறார். தரகர் சம்பளத்தையும் சொந்த வீட்டையும் விசாரித்துவிடுகிறார். பிள்ளைகளின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருமே கேட்பதில்லை. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் அதைக் கொஞ்சமாவது தொடலாம். வெளிநாட்டிலும் இப்படித் தேடியிருக்கிறார்கள். 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' என்ற இலக்கிய இதழ் 1998-ல் துணை தேடுவோர் விளம்பரங்களைப் போடத் தொடங்கியது. 2010-ல், படித்த புத்தகங்களை வைத்தே ஜோடி சேர்க்க 'அலைக்வைஸ்' என்ற இணையதளம் வந்தது. ஒரே புத்தகத்தை நேசிக்கிறவர்கள் ஒருவரையொருவர் நேசிப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அடிப்படை. அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி என்பேன்.

அரியலூரில் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர். கணவரும் நல்ல வாசகர். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஜெயகாந்தனைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்கள். இன்றைக்கும் கணவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார். அந்த நேரத்தில் இந்தம்மா அடுப்படியில் நிற்கிறார். பிறகு பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மறுநாளைக்கு மாவு. இந்தம்மாவின் புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் பரண் மேல் கிடக்கின்றன. ரசனையில் அத்தனை பொருத்தம் இருந்தும் அவருக்குப் படிக்க ஒரு மணி நேரம் வாய்க்கவில்லை.

என் சின்னம்மா செட்டிகுளத்தில் இருக்கிறார். பெரம்பலூர் மாவட்டத்தின் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர் அது. அறுவடை நாளில் தாள் அறுத்து அறுத்து விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, வாசனை கையை விட்டுப் போகாது. அந்தக் கையாலேயே ராத்திரி புத்தகத்தைப் பிடித்துப் படிப்பார். பக்கத்தின் ஓரத்தில்கூட வெங்காய வாசனை ஏறியிருக்கும். சித்தப்பா ஒரு கதையும் படித்தவரில்லை. ஆனால் ஊர்ப்புற நூலகத்துக்குச் சைக்கிளில் போய்ப் புத்தகம் மாற்றி வருவது அவர் வேலை. "உங்க சின்னம்மாவுக்கு அழுவுற கதை ஆவாதுப்பா, சிரிக்கிற மாதிரி இருந்தா சொல்லு" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போவார். சின்னம்மா படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஆட்சியராக தரேஸ் அகமது இருந்தபோது 2012-ல் பெரம்பலூரில் புத்தகத் திருவிழா தொடங்கியது. பிறகு அது நடக்கும்போதெல்லாம் சின்னம்மா கடை கடையாகப் புரட்டுவதும் சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும் வழக்கமாயிற்று. நான் பார்த்த நல்ல ஜோடிகளில் இவர்களுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

புத்தக ரசனையை மட்டும் அளவுகோலாக வைத்தால் இன்னொரு அநியாயமும் நடக்கும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அரியலூர் மாவட்டத்தில் 71தான், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாமல் வளர்ந்த பிள்ளையிடம் போய்ப் பட்டியல் கேட்பது நியாயமில்லை. நாவலாசிரியை வை.மு.கோதைநாயகிக்கு ஐந்து வயதில் கல்யாணம். அவருக்குச் சரியாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதித்தான் முதல் நாடகம் உருவானது. கணவர் பார்த்தசாரதி துணை நின்றார். 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை எடுத்து நடத்திய கோதைநாயகி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அந்தக் கல்யாணத்தன்று இருவரிடமும் பிடித்த புத்தகம் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

அதனால் பெண்ணைப் பெற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் வீட்டில் அவருடைய அம்மா, அக்கா, அண்ணி யாராவது பகலில் உட்கார்ந்து படிப்பதை யாரேனும் பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பையன்களே, நீங்களும் பெண்ணிடம் பிடித்த புத்தகத்தைக் கேட்கும்போதே, அதைப் படிக்க உங்கள் வீட்டில் அவளுக்கு எந்த நேரத்தை ஒதுக்குவீர்கள், அந்த நேரத்தில் அடுப்படியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.