நம்மை எலியாக்குவது யார்?

மருத்துவ ஆய்வு என்று பேச்சு வந்தாலே, 'ஏழைகளை எலியாக்குகிறார்கள்' என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் அது பல நேரம் தவறான ஆள் மீது பாய்கிறது. ஒப்பிட்டு நிரூபிக்கப்படாத மருந்தை, 'என் அனுபவத்தில் இது கேட்கும்' என்று எழுதித் தரும் மருத்துவர் நம் உடம்பில் பரிசோதனைதான் செய்கிறார். அதற்கு ஏடும் இல்லை, கணக்கும் இல்லை, முடிவு யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அதைச் சிகிச்சை என்று கும்பிட்டு ஏற்கிறோம். அதையே கணக்கு எழுதி முறையாகச் செய்தால் கொடுமை என்கிறோம்.

அப்படி முறையாகச் செய்தவர்கள் உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அன்று காசநோய்க்குச் சானடோரியமே கதி: நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகள் சொற்பம். ஐசோனியசிட் மாத்திரை வந்துவிட்டது. அதைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாமா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு, மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

இருமும் தாயை, பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுக்கும் வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கி அனுப்பலாமா? அன்று கேட்டிருந்தால் நாம் கொதித்திருப்போம். 1959-இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குப் பின் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியும் இவ்வளவுதான் வித்தியாசம். வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. படுக்கைக்காகக் காத்திருந்தே செத்துப்போகும் நிலையை மாற்ற அந்தக் குலுக்கல் வழி திறந்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் செய்த வேலை அது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 1968-இல் தொடங்கி, 2,80,000 பேருக்கும் மேல் ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா வெறும் ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. (கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது, பிறந்ததும் போடுவது அதனால்தான்.) வெறும் ஊசி பெற்றவர்கள் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை அவர்களில் பெரியவர்கள் இழந்தது ஏதுமில்லை. இரக்கப்பட்டு எல்லோருக்கும் பி.சி.ஜி. போட்டிருந்தால், காப்பாற்றிவிட்டோம் என்ற பொய் நிம்மதியில் இருந்திருப்போம்.

அந்த ஊசிக்குப் பின்னே விலங்குகள் உண்டு. அதை உருவாக்கிய கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். அது தீங்கற்றதா என்று கினிப்பன்றிகளிலும் மாடுகளிலும் பார்த்தார்கள். குழந்தையின் தோளில் தழும்பு வேண்டும், கினிப்பன்றியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. விலங்குதானே என்பவரோடும் இல்லை. போதாத எண்ணிக்கையில், ஒப்பீடு இல்லாமல் நடத்தி, பிடிக்காத முடிவை அலமாரியில் பூட்டும் ஆய்வில் அந்த உயிர் எதற்காகவும் சாகவில்லை. ஆய்வகத்தின் மிகப் பெரிய கொடுமை என்று நான் கருதுவது இதைத்தான். முழுமையாகப் பார்த்தாலும் கினிப்பன்றி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகள் பல, பிரிட்டனில் எடுத்தவற்றைவிடக் கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்தே இருந்தன. அவற்றைச் சுமந்த மனிதர்களின் நுரையீரலோ சிதைந்திருந்தது. கடைசிக் கேள்வியை மனிதரிடம்தான் கேட்டாக வேண்டும்.

கேட்டாக வேண்டும் என்றால் அனுமதியும் கேட்க வேண்டும். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடியினர் உள்ளிட்ட சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசி போட்டு நடந்த ஆய்வில், பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லது. அதற்காகக் கேட்காமல் போட்டது சரியாகிவிடாது. ஏன் பழங்குடிச் சிறுமிகள்? ஏன் அரசு மருத்துவமனை வாசலில் நிற்பவர்கள்? குலுக்கல் நியாயமானது என்றால் தனியார் மருத்துவமனையில் குளிரூட்டிய அறை எடுப்பவர் பெயரும் அந்தச் சீட்டுகளில் இருக்க வேண்டும். பலனை மட்டும் வாங்கிக்கொண்டு ஆபத்தை ஏழைக்கு ஒதுக்குகிறவர், 'எலியாக்குகிறார்கள்' என்று பரிதாபப்படத் தகுதியற்றவர்.

மருந்தாய்வு எதையும் தொடங்குமுன் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் இந்தியாவில் கட்டாயம். அதோடு நிற்கக் கூடாது. உடம்பைக் கொடுத்த ஒவ்வொருவர் கைக்கும், அவர் பெற்றது மருந்தா வெறும் ஊசியா, ஆய்வு வென்றதா தோற்றதா என்று அவர் மொழியில் எழுதிய தாள் போய்ச் சேர வேண்டும். அந்தத் தாளைத் தராத நிறுவனத்துக்கு அடுத்த ஆய்வு நடத்த அனுமதி தரக் கூடாது.