ஊதியமும் உள்ளத்தின் அழைப்பும்

படையில் சேர வரிசையில் நிற்கும் இளைஞனிடம் "ஏன் வந்தாய்?" என்று கேட்டால், "வீட்டில் கஷ்டம், நிலையான சம்பளம் வேண்டும்" என்பான். நாட்டுக்காக உயிரையும் ஈய வந்தேன் என்று அவன் சொல்லவில்லையே என நம்மில் சிலர் முகம் சுளிப்பர். ஊதியத்தை நாடி வந்தவனுக்கு, இதுவே தன் வாழ்வின் பணி என்னும் உணர்வு வாய்க்குமா?

உள்ளத்தின் அழைப்பு முன்னே வரும், தொழில் பின்னே வரும் என்று கருதுகிறோம். பெரும்பாலோர் வாழ்விலோ இவ்வரிசை மாறியே அமைகிறது.

வீரர் அப்துல் ஹமீதின் வாழ்வைக் காண்போம். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில், தாமுப்பூர் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். தந்தை தையற்காரர்; மகனும் அவருக்குத் துணையாகத் துணி தைத்தார். 1954-இல் கிரனேடியர்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். டாங்கி எதிர்ப்புப் பிரிவில் ஐந்தாண்டுகள் பணியாற்றி, ஜீப்பில் ஏற்றிய பீரங்கியால் குறி தவறாது சுடுவதில் தம் பட்டாலியனிலேயே சிறந்தவரானார். பின்னர் அவருக்குக் கிடைத்தது பண்டகசாலைப் பொறுப்பு. 1965-இல் போர் மூண்டபோது பழைய பீரங்கி மீண்டும் அவரைத் தேடி வந்தது. கேம்கரண் களத்தில், செப்டம்பர் 10 அன்று, பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர் நீத்தார். மறைவுக்குப் பின் பரம வீர சக்கரம் வழங்கப்பெற்றது.

அந்த இறுதி நாளையே நாம் போற்றுகிறோம். அதற்கு முந்திய பத்தாண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்கால ஓட்டம், அணிவகுப்பு, ஆயுதத்தைத் துடைத்தல், பண்டகக் கணக்கு: சிப்பாயின் நாள்கள் இவற்றால்தான் நிரம்புகின்றன. இரவுக் காவல் நிற்பவன் கண்ணயர்ந்தால் உறங்கும் தோழர்களின் உயிருக்கு உறுதியில்லை. தன்னை நம்பிப் பிறர் உறங்குகிறார்கள் என்பதை அவன் உணரும் இரவில், சம்பளத்துக்காகச் செய்த வேலை கடமையாகிறது. அழைப்பு என்பது அதுவே. அது வானிலிருந்து கேட்கும் குரலன்று. கைப்பழக்கமும் பிறர் நம்பிக்கையும் சேர்ந்து மெல்ல விளையும் பயிர்.

பயிர் விளையக் காலம் வேண்டுமே! 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, அக்னிவீரர்களின் பணிக்காலம் 4 ஆண்டுகள். அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரையே தொடர்ந்து படையில் இடம்பெறுவர் என்பது அன்றைய அறிவிப்பு. பதினேழரை வயதில் சேர்ந்தவன் இருபத்தொன்றரை வயதில் ஊர் திரும்பக்கூடும். அப்துல் ஹமீத் களத்தில் வீழ்ந்ததோ பணியின் பதினோராம் ஆண்டில். மனம் ஒன்றத் தொடங்கும் வேளையில் சீருடையைக் களைபவனுக்கு நாம் என்ன ஆறுதல் சொல்வது?

சீருடை அரசுக்குரியது, பொறுப்புணர்வு அவனுக்குரியது. காவல் நின்ற விழிப்பு கடையிலும் கழனியிலும் பயன்படும். ஆயினும் இதனைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. அவனது இளமையின் சிறந்த நான்கு ஆண்டுகளைப் பெற்றுக்கொண்ட சமுதாயம், அவன் கற்றதற்கு மதிப்பளித்து வேலை தரக் கடமைப்பட்டுள்ளது.

பெற்றோரே! அத்தகைய மகன் வாயிற்படி ஏறும்போது, "எவ்வளவு கொண்டு வந்தாய்?" என்பது உங்கள் முதற்கேள்வியாக வேண்டா. "என்ன கற்று வந்தாய்?" என்று கேளுங்கள். அவனது அடுத்த பணி அந்த விடையிலிருந்து தொடங்கட்டும்.