ஏக்கர் கணக்கில் தண்ணீர்

ஒரு ஊரின் நிலத்துக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை யார் சொன்னால் செல்லும்? இது விஞ்ஞானிகள் பாடு என்றுதான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். பிளாச்சிமடா வழக்கின் இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபிறகு எனக்கு இது அறத்தின் கேள்வியாகவே படுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடா. மழை மறைவுப் பகுதி. எரவாளர், மலசர் ஆதிவாசிகளும் தலித்துகளும் கூலிக்குப் போய்ப் பிழைக்கிற காலனிகள். 2000இல் அங்கே கொக்கோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. தண்ணி கசக்குது, சோறு சரியா வேகல, குளிச்சா உடம்பு அரிக்குது என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரலில் ஆலைக்கு முன்னால் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் மயிலம்மா என்ற எரவாளர் பெண்.

2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க, விஷயம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த டிசம்பரில் நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவல் மட்டுமே என்றார். நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி எவ்வளவு எடுக்கலாம் என்று வரும்போது அவர் வைத்த அளவைப் பாருங்கள்: 34 ஏக்கர் வைத்திருப்பவன் பயிருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு எடுப்பானோ அவ்வளவு. சரி, ஏக்கரே இல்லாதவனுக்கு அந்த அளவுகோலில் எத்தனை குடம்?

தன் நிலத்துக்கடியில் இருக்கும் நீரை நிலக்காரன் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம். எழுதினது வெள்ளைக்காரன்தான். நம்மூர் மிராசுக்கு இது புதுசா என்ன? நிலம் எவன்கிட்ட இருக்கோ கிணறும் அவன்கிட்ட. அவன் மனசு வச்சு ஊத்தினாத்தான் நம்ம குடத்துல தண்ணி. சாதி செய்துவந்த வேலையைச் சாதியின் பெயரைச் சொல்லாமலே இந்தச் சட்டம் செய்துகொடுக்கிறது.

2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. கோழிக்கோட்டு நீர்வள மையத்தின் ஆய்வை ஏற்று, வழக்கமாக மழை பெய்கிற வருஷத்தில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. கணக்கு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. விஞ்ஞானத்தை வெறுக்கிற மரபும் நம்முடையதில்லை. பாசனத்துறையைக் கையில் வைத்துக்கொண்டு தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வழி போட்டவர் அண்ணல் அம்பேத்கர். என் கேள்வி வேறு. மழை இவ்வளவு, ஊறுவது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று லிட்டரில் எல்லாம் வந்துவிட்டது. கசப்பு எந்த லிட்டரில் வரும்? தூரத்துக் கிணற்றுக்கு நடந்த நடை, அதனால் போன கூலி, அதெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? குடிக்கிறவளின் நாக்கு சாட்சியாகாது, மீட்டர் சாட்சியாகும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டால், பிறகு ஆய்வு எவ்வளவு நேர்மையாக நடந்தென்ன? ஆலை உரமென்று கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003இல் பிபிசி சோதித்துச் சொன்னது. அதை நாடே கேட்டது. அதற்கு முன்னாலேயே பொம்பளைங்க சொல்லியாச்சு.

தலித்தும் ஆதிவாசியும் புழங்குகிற நீரைக் கெடுப்பது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அப்படியொரு சட்டம் கையில் இருந்தும், உயர் நீதிமன்றத்தில் நடந்தது உரிமத்தைப் பற்றிய வழக்கு. கம்பெனிக்கும் பஞ்சாயத்துக்கும் இடையில்.

2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு வழக்கம்போல ஓடவேயில்லை. 2010இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு, நேர்ந்த சேதம் 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017இல் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில், அங்கே மறுபடி உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று சொல்ல, வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்பதில் அங்கே தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.